சஸ்பெண்ட் ஆன லைசென்ஸை ஒரே வாரத்துல எடுத்துத் தர்றேன்னு சொன்னா நம்பாதீங்க

வடசென்னையில ஜீரோ கேட், எர்ணாவூர், மணலி பக்கம் டிரெய்லர் ஓட்டுறவங்களைக் குறி வெச்சு இந்த வேலை நடக்குது. போன் பேசிக்கிட்டே ஓட்டினதுக்கு மூணு மாசம் சஸ்பெண்ட் ஆன ஒரு டிரைவர்கிட்ட, ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிக்கிற புரோக்கர், "எட்டாயிரம் குடுண்ணே, திங்கக்கிழமை கார்டு உன் கையில" அப்படின்னு வாங்கிட்டாரு. சொன்னபடி கார்டும் வந்துச்சு. அதே போட்டோ, அதே நம்பர். வழங்கிய தேதி மட்டும் புதுசு.

அடுத்த செக்கிங்ல போலீஸ் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கல. நம்பரைத் தட்டினாங்க, 'சஸ்பெண்டட்'னு வந்துடுச்சு. தடை இருக்கும்போது ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 182-ன்படி மூணு மாசம் வரை ஜெயில், இல்ல 10,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே. போலி கார்டுக்குத் தனி கேஸ். புரோக்கர் போன் அன்னைக்கே சுவிட்ச் ஆஃப்.

சஸ்பென்ஷன் இருக்கிறது கார்டுல இல்ல, 'சாரதி'ங்கிற அரசாங்க லைசென்ஸ் கணினிப் பதிவுல. கார்டை எத்தனை தடவை அச்சடிச்சாலும் அது மாறாது. இன்னொரு கூட்டம், தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ் தளத்துல எல்டிஆர் (ஆவணம் தொலைஞ்சதுக்கான ரிப்போர்ட்) போட்டு டூப்ளிகேட் எடுக்கலாம்னு சொல்லும். ஒரிஜினல் ஆபீஸ்ல இருக்கும்போது தொலைஞ்சதுன்னு எழுதிக் கொடுத்தா அது பொய்ப் புகார். கையெழுத்து உங்களோடது, மாட்டுறதும் நீங்கதான். வெளிமாநிலத்துல வேற லைசென்ஸ் எடுக்கலாம்னு சொன்னாலும் போகாதீங்க. ஒருத்தருக்கு ஒரு லைசென்ஸ்தான், அதுவும் தடைக் காலத்துல விண்ணப்பிக்கிறதே குற்றம்.

நேர்வழி என்னன்னா, போலீஸ் லைசென்ஸை வாங்கினா ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்க. அதுல போட்ட தேதி வரைக்கும் அந்தச் சீட்டை வெச்சு ஓட்டலாம். ஆர்டிஓ தடை ஆணை வந்துட்டா அந்தச் சீட்டு செல்லாது. ஆணைக்கு முன்னாடி ஷோகாஸ் நோட்டீஸ் (ஏன் தடை போடக்கூடாதுன்னு விளக்கம் கேட்கிற கடிதம்) வரணும், உங்க விளக்கத்தைக் கேட்கணும், 19-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. இங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. லைசென்ஸ்ல ஊர் அட்ரஸ் இருக்கும், நோட்டீஸ் தூத்துக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ போயிடும், இவர் காசிமேட்டுல வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பார். முதல்ல அட்ரஸை மாத்துங்க. நோட்டீஸ் வந்தா பதிலை எழுத்துல கொடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கோங்க. ஆணை தப்புன்னு தோணினா, அது கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணணும். புரோக்கர் "இதோ அதோ"ன்னு இழுக்கிறதுல பல பேருக்கு அந்த 30 நாள்தான் கரைஞ்சுபோகுது. பணம் போனதைவிட இது பெரிய நஷ்டம்.

போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பி வெச்ச கேஸ்ல முதல் தடவைன்னா மூணு மாசத் தடை, மறுபடி மாட்டினா லைசென்ஸே ரத்து. 2019 திருத்தத்துக்கு அப்புறம் புத்தாக்கப் பயிற்சியும் முடிக்கணும். வகுப்புக்கே போகாம சான்றிதழ் மட்டும் வாங்கித் தர்றேன்னு சொல்றவனும் அதே ஆபீஸ் வாசல்லதான் நிப்பான்.

வண்டி ஓனருங்களும் கவனிங்க. தடையில இருக்கிற டிரைவரை வெச்சு ஓட்டி ஆக்சிடென்ட் ஆனா, இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிட்டு அந்தத் தொகையை உங்ககிட்ட வசூல் பண்ண வாய்ப்பு இருக்கு. வேலைக்குச் சேர்க்கிறப்போ அரசாங்கத்தோட பரிவாகன் இணையதளத்துல லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. பரிவாகன் பேரைச் சொல்லி வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைலை (போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல்) திறந்து பார்க்காதீங்க, பேங்க் கணக்கு காலியாகிடும்.

தடைக் காலம் முடிஞ்சதும் கார்டு வாங்கினாப் போதாது. அதே தளத்துல 'ஆக்டிவ்'னு வருதான்னு பார்த்துட்டுத்தான் சாவியைத் தொடணும். இன்னும் 'சஸ்பெண்டட்'னே நின்னா ஆணை நகலோட ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுங்க. தடை நடுவுல லைசென்ஸ் காலாவதி ஆனாலும் அப்போ புதுப்பிக்க முடியாது. தடை முடிஞ்ச உடனே போங்க, காலாவதி ஆகி ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்டணும்.