பெல்பின் டீம் ரோல் ரிப்போர்ட்: அப்சர்வர் படிவம் இல்லாமல் வாங்க வேண்டாம்

ஒரு டீமில் எந்த வேலையை யார் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார், எந்த வேலை யார் கையிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது என்று காட்டுவதுதான் பெல்பின் ரிப்போர்ட்டின் வேலை. குணத்தை அளக்கும் பரீட்சை இல்லை இது. எம்பிடிஐ என்ற குணவகைத் தேர்வு உங்களை 16 வகைகளில் ஒன்றில் உட்கார வைக்கிறது, அதற்கான பதில்கள் எல்லாம் உங்களிடமிருந்தே வருகின்றன. பெல்பினில் கூட வேலை செய்பவர்களும் உங்களைப் பற்றி அப்சர்வர் படிவம் நிரப்பலாம். காசு கொடுக்கத் தகுந்த பகுதி அதுதான். சுயமதிப்பீட்டை மட்டும் வாங்கினால் பாதிச் சரக்கோடு வீடு திரும்பினாற்போல.

இது பிறந்த இடம் இங்கிலாந்தின் ஹென்லி நிர்வாகக் கல்லூரி. மேலாளர்களைக் குழுக்களாகப் பிரித்து வணிக விளையாட்டு ஆடவிட்டு, ஆய்வாளர் மெரிடித் பெல்பினும் உடனிருந்தவர்களும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அறிவுத் தேர்வில் முன்னணியில் வந்தவர்களை மட்டும் சேர்த்த குழுக்களுக்கு 'அப்பல்லோ' என்று பெயர். 25 அப்பல்லோ குழுக்களில் ஜெயித்தவை மூன்றுதான். ஒருவர் வாதத்தில் இன்னொருவர் ஓட்டை தேடியே நேரம் போயிற்று. 1981இல் புத்தகமாக வந்தபோது 8 ரோல்கள், அதாவது டீமில் ஒருவர் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பங்குகள், இருந்தன. ஒரு துறையை ஆழமாக அறிந்த ஸ்பெஷலிஸ்ட் பிற்பாடு சேர்ந்து ஒன்பதானது.

சுயமதிப்பீட்டின் பழைய தாள் வடிவத்தில் 7 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 10 மதிப்பெண். உங்களுக்குப் பொருந்தும் வாக்கியங்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆக எல்லாருக்கும் மொத்தம் 70தான். இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒருவருக்கு ஷேப்பரில் (மற்றவர்களை விரட்டி வேலையை நகர்த்தும் ரோல்) 18, இன்னொருவருக்கு 12 என்றால் முதலாமவர் அதிகம் அதட்டுகிறவர் என்று அர்த்தமில்லை. அவர் தன் 70ஐ அங்கே கொட்டியிருக்கிறார், அவ்வளவே. ஒருவருக்குள் எது மேலே, எது கீழே என்று பார்க்கத்தான் அந்த எண் உதவும். ஆளுக்கு ஆள் ஒப்பிட உதவாது. 1993இல் உளவியல் ஆய்விதழில் இந்த வினாத்தாளின் அளவீட்டுத் தரத்தைக் கேள்வி கேட்டு விமர்சனம் வந்தது, பெல்பினும் பதில் எழுதினார். அந்தச் சர்ச்சையைப் படித்த யாரும் இதை வைத்து ஆளெடுக்கவோ பதவி உயர்வு கொடுக்கவோ மாட்டார்கள். நீங்களும் செய்யாதீர்கள்.

அப்சர்வர் படிவம் சுலபம். பண்புச் சொற்களின் பட்டியல் ஒன்று வரும், அந்த ஆளுக்குப் பொருந்துவதை டிக் செய்தால் போதும். குறைகளைச் சொல்லும் சொற்களும் அதில் உண்டு. ஒருவருக்குக் குறைந்தது 4 பேர் நிரப்ப வேண்டும், ஆறு பேர் என்றால் இன்னும் நல்லது. சமீபத்தில் கூடவே வேலை செய்தவர்களாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை மீட்டிங்கில் முகம் பார்க்கும் மேலதிகாரி போடும் டிக்கில் சத்து இருக்காது. யார் எதை டிக் செய்தார் என்பது தனியாகத் தெரியாது, தொகுத்துத்தான் வரும். ஆனாலும் நாலே பேர் நிரப்பினால் யார் என்று ஊகிக்க முடியும், அதனால் கை நடுங்கி நல்ல சொற்களை மட்டும் டிக் செய்வார்கள். டீம் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையா? தள்ளிப் போடுங்கள். முதல் பார்வையில் தோன்றியதுதான் பதிவாகும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முதலிடத்து ரோலை அல்ல. தன் மதிப்பீடும் மற்றவர்கள் மதிப்பீடும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். தன்னை கோஆர்டினேட்டர் (வேலையைப் பகிர்ந்து கொடுத்து ஒருங்கிணைப்பவர்) என்று நினைக்கிற டீம் லீடரை மற்றவர்கள் ஷேப்பராகவும் இம்ப்ளிமென்ட்டராகவும் (திட்டத்தைச் செயலாக்குபவர்) பார்க்கிறார்கள் என்று வையுங்கள். அவர் 'பகிர்ந்து கொடுத்தேன்' என்று நினைத்தது எதிரில் இருப்பவர் காதில் 'தலையில் கட்டினார்' என்று விழுந்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் பேசி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும், அது வீண்போகாது.

ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு விட்டால் ஒரு பயனும் இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம்: எந்த ரோலை டீமுக்குத் தருகிறேன், எதற்கு என்னை நம்ப வேண்டாம் என்று இரண்டையும் சொல்லட்டும். பிறகு கையில் நடந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துப் பலகையில் கட்டம் கட்டமாக எழுதுங்கள்: குறிக்கோள், யோசனை, திட்டம், வெளித்தொடர்பு, நடைமுறை, முடிப்பு. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் பெயர். யோசனைக்குக் கீழே நான்கு பெயரும் முடிப்புக்குக் கீழே வெற்றிடமும் இருந்தால், கடைசி வாரத்தில் எப்போதும் ஏன் தீப்பிடிக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெற்றிடத்தை நிரப்ப ஆள் எடுக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று ரோல்கள் இயல்பாக வரும், இன்னும் சில 'சமாளிக்கலாம்' பகுதியில் இருக்கும். 9 ரோலுக்கு 9 பேர் என்று கணக்குப் போடுவது இந்தக் கருவியைப் பற்றிய மிகப் பரவலான தப்பு. கம்ப்ளீட்டர் ஃபினிஷர் (பிழை பார்த்து வேலையை முடித்துக் கொடுப்பவர்) இல்லாத டீமில், வெளியே போகும் எதையும் இரண்டாவது ஆள் ஒரு செக்லிஸ்ட்டோடு பார்த்த பிறகே அனுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். மானிட்டர் எவாலுவேட்டர் (யோசனைகளை நிதானமாக எடைபோடுபவர்) இல்லையென்றால் பெரிய முடிவு எடுக்கும் ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஒருவர் முறைவைத்து எதிர்வாதம் பேசட்டும். பிளாண்ட் (புது யோசனை தருபவர்) மூன்று பேரா? இந்தத் தேதிக்குப் பிறகு புது யோசனை இல்லை என்று எழுதிப் போடுங்கள். இரண்டு ஷேப்பர்கள் இருந்தால் யார் எதற்குக் கடைசிச் சொல் என்று எல்லை பிரியுங்கள்.

அனுமதிக்கத்தக்க பலவீனம் என்று பெல்பின் ஒன்றைச் சொல்கிறார்: ஒவ்வொரு பலத்துக்கும் கூடவே ஒட்டி வரும் குறை. பிளாண்ட் சின்ன விவரங்களைத் தவறவிடுவார், கம்ப்ளீட்டர் ஃபினிஷர் தேவைக்கு மேல் கவலைப்படுவார். நல்ல கருத்துதான். ஆனால் இதைச் சாக்காக்கிக்கொள்பவர்கள் எல்லா டீமிலும் முளைப்பார்கள். விவரம் மறந்தால் மன்னிக்கலாம். சொன்ன தேதியைச் சொல்லாமல் தாண்டினால் அது ரோல் இல்லை, பொறுப்பின்மை. இந்தக் கோட்டை நடத்துபவர் முதல் நாளே போட வேண்டும். பல பயிற்சியாளர்கள் போடுவதில்லை, வண்ண வட்டப் படத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கயிறு இழுப்பது, கோபுரம் கட்டுவது என்று ஒரு நாளைக் கழிப்பதோடு ஒப்பிட்டால் இது மேல். டீம் பில்டிங் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வந்த அலசலில், குறிக்கோளை நிர்ணயிப்பதும் ரோலைத் தெளிவாக்குவதும்தான் அதிகப் பலன் தந்தன. பெல்பின் இரண்டாவதற்கு உதவும். முதலாவதைத் தொடவே தொடாது. குறிக்கோளே தெளிவில்லாத டீமும், தினமும் ஒரே மாதிரி வேலையைத் தனித்தனியாகச் செய்யும் குழுவும் இதை வாங்கத் தேவையில்லை. நான்கு முதல் எட்டு பேர், ஒருவர் வேலை இன்னொருவரைச் சார்ந்தது, கருத்து மோதல் அடிக்கடி வருகிறது என்றால் வாங்கலாம். இரண்டு பேர் மாறினாலோ டீமின் வேலையே மாறினாலோ பலகையில் எழுதியதை அழித்து மீண்டும் எழுதுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தேதி பார்க்காமல் எடுத்துக் காட்ட வேண்டாம்.