பனி விடுமுறையா, வீட்டிலிருந்து பாடமா: ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தின் குளிர்காலக் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஈரி ஏரியின் ஈரக்காற்று பனியாக வந்து கொட்டும் பகுதியில், ஒரு சிறிய பொதுப் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், வாரியத்தில் நான் உறுப்பினராக இருக்கிறேன். இம்மாநிலத்தில் இத்தகைய பள்ளி மாவட்டங்கள் 500 உள்ளன. எங்கள் வாரியத்தில் ஊதியம் பெறாத ஒன்பது பேர் அமர்ந்து நாட்காட்டி முதல் கொதிகலன் வரை எல்லாவற்றுக்கும் வாக்களிக்கிறோம். பனியால் பள்ளியைத் திறக்க இயலாத நாளை எப்படிக் கணக்கில் வைப்பது என்பது அண்மையில் எங்கள் முன் வந்த கேள்வி. பள்ளியை மூடிவிட்டு அந்த நாளைப் பின்னர் ஈடுசெய்வது ஒரு வழி. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க, அதையும் பள்ளி நாளாக எண்ணிக்கொள்வது மற்றொரு வழி. நான் முதல் வழிக்கு வாக்களித்தவன் என்பதால் அந்தச் சாய்வு இதில் இருக்கும்.

இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பது என்ற வழியும் உண்டு. சாலையில் உப்புத் தூவி முடிப்பதற்குள் விடிந்துவிட்ட நாட்களுக்கு அதுவே போதுமானது. அதில் விவாதிக்க எதுவும் இல்லை. பள்ளியை மூடுவதா என்பதை முடிவு செய்பவர் யார் என்பதிலும் குழப்பமில்லை. தமிழ்நாட்டில் மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது போல அல்லாமல், இங்கே பள்ளி மாவட்டத்தின் தலைமைக் கண்காணிப்பாளரே விடியலுக்கு முன் சாலைகளின் நிலையை விசாரித்து முடிவெடுக்கிறார். 2017 கிறிஸ்துமஸ் நாளில் மட்டும் ஈரி நகரில் 34 அங்குலப் பனி விழுந்தபோது பள்ளிகள் எப்படியும் விடுமுறையில்தான் இருந்தன. எல்லாப் பனிப்புயலும் அவ்வளவு பரிவோடு நாள் பார்த்து வருவதில்லை.

பள்ளி ஆண்டு 180 நாட்கள் என்பது இம்மாநிலத்தின் நெடுநாள் கணக்கு. 2019-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, கல்வித் துறையின் ஒப்புதல் பெற்ற மாவட்டங்கள் ஆண்டுக்கு ஐந்து நாட்கள் வரை வீட்டிலிருந்து பாடம் நடத்தி அவற்றையும் இந்த 180-இல் சேர்த்துக்கொள்ள இடமளித்தது. ஒப்புதல் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பாடம் இணையவழியாகவும் இருக்கலாம், அச்சிட்ட தாள்களாகவும் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் கவர்ச்சி எவருக்கும் எளிதில் புரியும். ஜூனில் முடியும் பள்ளி ஆண்டு நீளாது, பட்டமளிப்பு நாள் நகராது, பெற்றோரின் கோடைத் திட்டங்கள் குலையா. 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரம் பனிப்புயலை முன்னிட்டு வீட்டிலிருந்து பாடம் என்று அறிவித்தபோது, காலையில் ஏராளமானோர் உள்நுழையவே முடியாமல் தவித்தது செய்தியாயிற்று. அதைக் காட்டி இந்த முறையையே நிராகரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்களைப் போன்ற சிறிய மாவட்டத்தில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் நுழைவதில்லை; எங்கள் இடர்ப்பாடு வேறு வகையானது.

என் முடிவைத் தீர்மானித்தது, ஒவ்வொரு வழியும் எத்தகைய பாக்கியை விட்டுச்செல்கிறது என்ற ஒரே கேள்விதான். பள்ளியை மூடினால் நாட்காட்டியில் ஒரு நாள் பாக்கி நிற்கிறது. அது எல்லார் கண்ணிலும் படுகிறது. அந்த நாள் பின்னர் வரும்போது முழுதாக வருகிறது: பேருந்து ஓடுகிறது, 2022-23 கல்வியாண்டு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் காலை உணவு கிடைக்கிறது, பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பேச்சுப் பயிற்சியாளர் வருகிறார், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் சமையலறைப் பணியாளரும் பேருந்து ஓட்டுநரும் இழந்த ஒரு நாள் ஊதியத்தைப் பெறுகின்றனர். வீட்டிலிருந்து பாடம் நடந்த நாளோ முடிந்துவிட்டதாக ஏட்டில் ஏறிவிடுகிறது. ஒப்பந்தத்தில் தனியாக வழி செய்யப்படாவிட்டால் அந்தப் பணியாளர்களின் ஊதியம் திரும்பி வருவதே இல்லை.

அதைவிடக் கனமான பாக்கி சிறப்புக் கல்வியில் சேர்கிறது. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்பட்ட கல்வித் திட்டம் வகுத்து, அதில் எழுதிய சேவைகளை அளிப்பது கூட்டாட்சிச் சட்டம் விதித்த கடமை. வாரத்திற்கு இத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை இத்தனை நிமிடம் என்று அத்திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்போது, ஒரு தாள் உறையையோ குரோம்புக் என்ற மடிக்கணினியையோ அனுப்பிவிட்டு அது நிறைவேறியதாகச் சொல்ல முடியாது. திரைவழியாக நன்றாகப் பயிற்சி பெறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைபிடித்துப் பழக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நிமிடங்கள் பாக்கியாகவே நிற்கின்றன. எங்களைப் போன்ற மாவட்டத்தில் அந்தப் பயிற்சியாளர் பெரும்பாலும் பல மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒருவர். பள்ளி நாள் எண்ணிக்கை நிறைந்துவிட்ட பிறகு விடுபட்ட நிமிடங்களுக்கு அவருடைய அட்டவணையில் இடம் தேடுவது, மூடிய நாளை ஜூனில் ஈடுசெய்வதைவிடக் கடினமான வேலை. பனி பெய்த அன்று யாரும் அதைக் கணக்கிடுவதில்லை.

இதோடு ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய பராமரிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பாடம் என்ற ஏற்பாடு ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படாது என்றாலும், அதை எந்த நாளிலும் பயன்படுத்தத் தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும். இணையம் எட்டாத வீடுகளுக்குத் தாள் தொகுப்புகளை அச்சிட்டு, பாடம் முன்னேற முன்னேற அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். பழுதான கணினிகளை மாற்ற வேண்டும். யார் படித்தார், யார் படிக்கவில்லை என்ற வருகைப் பதிவுக்குச் சான்று வைக்க வேண்டும். பெரிய மாவட்டத்தில் இதற்கென ஒரு துறை இருக்கும். சிறிய மாவட்டத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரே மாநிலத் தேர்வு மென்பொருளையும் கவனிக்கிறார். அப்படித் தயாராக வைத்திருந்தும், சாலையை மூடும் அதே உறைமழை மின்கம்பியையும் அறுத்துவிட்டால் அன்றைய பாடம் நடப்பதில்லை.

ஈடுசெய்யும் நாட்களுக்கும் குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜூன் நடுவில் குளிர்சாதனம் இல்லாத வகுப்பறையில் நடக்கும் ஒரு நாளில் எவ்வளவு கற்கிறார்கள் என்று கேட்டால் எந்த ஆசிரியரும் தயங்கித்தான் பதில் சொல்வார். அதனால்தான் பிப்ரவரியின் குடியரசுத் தலைவர்கள் நாள், ஈஸ்டர் திங்கள் போன்ற விடுமுறைகளை முதலில் எடுத்துக்கொள்வது என்று நாட்காட்டியிலேயே எழுதிவிட்டோம். மான் வேட்டைக் காலம் 2019 முதல் சனிக்கிழமையே தொடங்கினாலும், முன்பு அது தொடங்கிய நாளான, நவம்பர் இறுதியில் வரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த திங்கள் பல மாவட்டங்களில் இன்றும் விடுமுறைதான். அதைப் பறிக்கலாம் என்று முன்மொழிய எங்கள் வாரியத்தில் யாருக்கும் துணிவில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2023-24 முதல் 180 நாட்களுக்குப் பதிலாக, தொடக்கப் பள்ளிக்கு 900 மணி, உயர்நிலைக்கு 990 மணி என்று மணிக்கணக்கிலும் ஆண்டை நிறைவு செய்யலாம். ஆறரை மணி நேரப் பள்ளி நாளை 180-ஆல் பெருக்கினால் 1,170 மணி வருகிறது. தாளில் பார்த்தால் சில மூடல்களை ஈடுசெய்யவே தேவையில்லை. ஆனால் ஆசிரியர் ஒப்பந்தங்கள் நாட்கணக்கில் எழுதப்படுபவை, நான் மேலே சொன்ன பாக்கிகளும் அப்படியே நிற்கும். எங்கள் மாவட்டம் இதை முயன்று பார்க்கவில்லை என்பதால் அழுத்தமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

வீட்டிலிருந்து பாடம் நடத்துவதற்கான ஒப்புதலை நாங்கள் கைவிடவும் இல்லை. கொதிகலன் நின்றுபோய், அல்லது குழாய் உறைந்து வெடித்துக் கட்டடம் மட்டும் பயன்படாமல் போகும் நாட்களில் சாலையும் மின்சாரமும் நன்றாகவே இருக்கும்; முதல் நாளே தெரிந்தால் தாள்களையும் கணினிகளையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். அத்தகைய நாட்களுக்கும், நாட்காட்டியில் ஒதுக்கிய ஈடுசெய் நாட்கள் தீர்ந்த பிறகு மார்ச்சில் வரும் புயலுக்கும் அதை வைத்திருக்கிறோம்.