இடக்கண்ணுக்கு லென்ஸா, மாற்றுக் கருவிழியா?

எனக்கு 22 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும் கோளாறு. ராத்திரி கடலூரிலிருந்து பாண்டிக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாலே, எதிரே வரும் ஒரு ஹெட்லைட் நாலைந்தாகச் சிதறித் தெரியும். கருவிழியின் தடிமன் சுமார் 540 மைக்ரான் இருக்க வேண்டும். எனக்கு வலக்கண்ணில் 470, இடக்கண்ணில் 380.

"கெட்டுப்போன கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணு கண்ணு, நல்லா இருக்கிற கண்ணைத் தொடாதே" என்கிறார் ஆயா. அம்மாவும் அதே கட்சி. படித்தும் விசாரித்தும் நான் வந்து நின்றதோ நேர் எதிரான இடம்.

வலக்கண்ணுக்குச் சி3ஆர், அதாவது கருவிழியை இறுக்கிக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை. கருவிழியின் மேல்தோலை நீக்கி, அரை மணி நேரம் ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு, அப்புறம் அரை மணி நேரம் புற ஊதாக் கதிர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான வழக்கமான முறை இது. உள்ளே இருக்கும் நார்கள் இறுகிக்கொள்ளும். சில நாள் நல்ல வலி இருக்கும். கிருமித்தொற்று, தழும்பு என்ற அபாயமும் உண்டு. இத்தனைக்கும் பார்வை கூடும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. கெடுவதை நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆனாலும் அவசரம் இதற்குத்தான். மேல்தோல் எடுத்த பிறகும் 400 மைக்ரான் மிஞ்ச வேண்டும், என் வயதில் இந்தக் கோளாறு வேகமாக ஓடும். இடக்கண் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டது.

சரி, இடக்கண். ஒரு பக்கம் கருவிழி மாற்று. கேட்கும்போது 'புதுக் கண்' என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. மெல்லிய நைலான் தையல்கள் ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் கண்ணில் இருக்கும். அதற்கப்புறமும் கண்ணாடியோ லென்ஸோ பலருக்குத் தேவைப்படுகிறது! தானமாக வந்த அந்தக் கருவிழியை உடல் நிராகரிக்கலாம். டால்க் என்று கருவிழியின் மேலடுக்குகளை மட்டும் மாற்றும் முறையில் நம்முடைய உள்படலத்தை அப்படியே விட்டுவிடுவதால் அந்த அபாயம் குறையும், முழுக்கப் போகாது. ஸ்டீராய்டு சொட்டு நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். பல வருடம் கழித்துக்கூட வாலிபால் பட்டால் தையல் போட்ட இடம் பிளந்துகொள்ளலாம். 22 வயதில் வைக்கும் கருவிழி ஆயுள் முழுக்க உழைக்கும் என்று நம்ப முடியாது. இரண்டாவது, மூன்றாவது முறை என்று போகப்போக வெற்றி வாய்ப்பும் குறையும்.

தவளக்குப்பம் அரவிந்தும் கோரிமேடு ஜிப்மரும் பக்கம்தான். ஆனால் நான் வேலைக்குச் சென்னை போகிறேன். கண் சிவந்து மங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டிய நிலையில், புது வேலையில் எத்தனை முறை லீவு கேட்பது?

மறுபக்கம் ஸ்கிளீரல் லென்ஸ். கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்காரும். நடுவே நிற்கும் உப்புநீர் மேடுபள்ளத்தை மறைத்துவிடும். சோதனைக்குப் போட்டபோது அட்டவணையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தேன். தொல்லை இல்லாமல் இல்லை. விலை வீட்டுக்கு உறைக்கும், தினமும் போட்டுக் கழற்ற வேண்டும், தூங்கும்போது கூடாது. சில்வர் பீச் காற்றில் மணல் பறக்கும்போது கண்ணாடியும் மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். கோளாறையும் இது நிறுத்தாது. ஆனால் பிடிக்கவில்லையென்றால் கழற்றி வைத்துவிடலாம். தையல் போட்ட கண்ணை அப்படிச் செய்ய முடியுமா?

அதனால் வலக்கண்ணுக்கு அடுத்த மாதம் சி3ஆர், இடக்கண்ணுக்கு லென்ஸ். கருவிழியில் தழும்பு விழுந்து லென்ஸிலும் தெரியாமல் போனால், அன்றைக்கு மாற்றுக்கு நானே போய்ப் பெயர் கொடுப்பேன். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. அதை மட்டும் ஆயா விடாமல் காவல் காக்கிறார்.