ரேஷன் அரிசி: எல்லாருக்குமா, ஏழைக்கு மட்டுமா, காசாகவா?

வரிப்பணத்தில் அரிசி கொடுக்க மூன்று வழிகளை இந்த நாடு பார்த்துவிட்டது. 1997 ஜூனில் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் கொடுத்தது. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள்.

பிரித்துக் கொடுப்பதுதான் சிக்கனம் என்று காகிதக் கணக்கு சொல்லும். கடைக்குள் நடப்பது வேறு. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு விலையை ஏற்றியதும் அவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கிலோவுக்கு இத்தனை காசு என்று கமிஷனில் ஓடும் கடைக்கு விற்பனை சரிந்தால் வாடகைகூடத் தேறாது. மாதத்தில் சில நாள்தான் திறப்பார்கள். மூட்டை வெளிச்சந்தைக்குப் போகும். பட்டியலும் சீக்கிரம் பழசாகிவிடும். கணக்கெடுப்பின்போது சம்பாதித்தவர் அடுத்த வருஷம் படுக்கையில் விழுந்தால், அந்த வீடு அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். வசதியுள்ளவர் 20 கிலோ வாங்கிப்போவது நஷ்டம்; இல்லாத வீட்டுக்கு மறுப்பது பட்டினி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தமிழ்நாடு வரம்பை ஆள்மேல் வைக்காமல் பொருள்மேல் வைத்தது. முன்னுரிமையற்ற அட்டைக்கு, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராத அட்டைக்கு, அதிகபட்சம் 20 கிலோ. அரிசி வேண்டாதவர் தானாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். இதற்கு விலை உண்டு. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்ற பிறகு, அதற்குள் வராத அட்டைகளுக்கு மத்தியத் தொகுப்பிலிருந்து கிலோ 8.30 ரூபாய்க்கு அரிசி வாங்கி மாநிலம் இலவசமாகத் தருகிறது. வரி இதற்குப் போவது நியாயம் என்றே சொல்வேன்.

காசு கொடுப்பதில் சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது. சந்தை விலை ஏறும். கணக்கில் விழும் தொகை ஏறாது. கடையை மூடிவிட்டால் ஆள், கிடங்கு, லாரி எல்லாம் கலைந்துவிடும். புதுச்சேரி 2024-இல் மறுபடி கடைகளைத் திறக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அட்டையில் கைவைக்காமல் மூட்டையைப் பார்க்க வேண்டும். 50 கிலோ என்று வரும் சாக்கு இரண்டு கிலோ குறைந்தால் அதை ஈடுகட்டுவது விற்பனையாளர். அவர் அதைக் கார்டுதாரர் பையில் கழித்துக்கொள்வார். லாரி வாசலில் நிற்கும்போதே ஒவ்வொரு சாக்கையும் தராசில் ஏற்றி, அந்த எடைக்குத்தான் விற்பனையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.