ஃபைபர் ரிப்பேர் கிட் வாங்கலாமா? ஒரு பழைய டால்ஃபின் காரில் அடித்துப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக் மட்கார்டு, மாடித் தொட்டி மூடி, விளிம்பு உடைந்த வாஷ்பேசின், இந்த அளவு வேலைக்கு ஆன்லைனில் விற்கும் ஃபைபர் ரிப்பேர் கிட் போதும். கார் பாடிக்கு வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அதுவும் ஒன்று போதாமல் இரண்டாவதும் வாங்கினேன், இரண்டும் தீர்ந்த பிறகுதான் சாமான் தனி, புத்தி தனி என்று தெரிந்தது. கிட்டை விற்ற ஆளின் பெயர் வேண்டாம். நான்கைந்து பெயரில் ஒரே மாதிரி டப்பாதான் வருகிறது.

வண்டி சிபானி டால்ஃபின். முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை 1982லிருந்து பெங்களூரில் இந்தப் பெயரில் செய்து விற்றார்கள். இரண்டு கதவு, 848 சிசி அலுமினிய இன்ஜின், பின்சக்கர இழுவை. கீழே ஏணி மாதிரி இரும்புச் சேஸிஸ், அதன் மேல் முழுக்க ஃபைபர் கூடு. எடை குறைவு என்பதால் அந்தக் காலத்து கார் ராலி பந்தயக்காரர்களுக்கு இதன் மேல் ஒரு பிரியம் உண்டு. குடும்பஸ்தர்களுக்கு இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் தகரக் கார் பக்கம் எல்லோரும் போய்விட்டார்கள். என் பெரியப்பா மட்டும் போகவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஓட்டி, கடைசியில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அதைத்தான் டெம்போவில் ஏற்றி எங்கள் பெரம்பூர் வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இதைக் கிட் கார் என்று சொல்ல முடியாது, கம்பெனியில் கட்டிய வண்டிதான். ஆனால் இங்கிலாந்தில் வீட்டு காரேஜில் ஆட்கள் தாங்களே பூட்டிக்கொள்ளும் கிட் கார்களும் பெரும்பாலும் இதே கட்டுமானம்தான். அங்கே ஒரு காலத்தில் காரை முழுதாக வாங்கினால் கொள்முதல் வரி, உதிரியாக வாங்கி நீங்களே பூட்டினால் அந்த வரி கிடையாது. 1973ல் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் பழைய ஃபைபர் கிட் கார் எதையாவது வைத்துக்கொண்டு விழிப்பவருக்கும் நான் எழுதுவது அப்படியே பொருந்தும்.

சரி, கிட்டுக்கு வருவோம். ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசின் (பிசின்), அதை இறுக வைக்கச் சின்னப் பாட்டிலில் ஹார்ட்னர், நான்காக மடித்த ஒரு சதுர மீட்டர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ஒரு பிரஷ், ஒரு ஜோடி கையுறை, ஒரு பேப்பர் கப். விலை ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ரெசின் டப்பாவில் தயாரித்த தேதி இல்லை. ரெசின் நாள்பட்டால் தானாகவே கெட்டியாகும் சாமான், அதற்கே தேதி போடவில்லை என்றால் என்ன சொல்வது. மேட்டை மடித்து அனுப்பியதால் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் பிரிந்து கிடந்தது. மேட் என்பது சுருட்டித்தான் வர வேண்டும், புடவை மாதிரி மடித்து வரக்கூடாது.

எனக்குப் பெரிய எரிச்சல் அளவில்தான். '100 கிராமுக்கு 20 சொட்டு' என்று ஒரு துண்டுச் சீட்டு. யாருடைய சொட்டு? பாட்டில் வாயை நானே கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும், எவ்வளவு வெட்டுகிறேனோ அந்த அளவு சொட்டு. மே மாதம், மதியம் இரண்டு மணி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கால் கிலோ ரெசினைக் கப்பில் ஊற்றி, எண்ணி எண்ணிச் சொட்டு விட்டு, மேட்டை வெட்டலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினேன். திரும்பி வருவதற்குள் கப்பில் இருந்தது பாதாம் அல்வா பதத்துக்கு வந்திருந்தது. கையில் எடுத்தால் சுடுகிறது, இரண்டு நிமிடத்தில் புகையே வந்தது. அப்படியே மண்ணில் கவிழ்த்தேன். கிட்டில் கால்வாசி அத்தோடு போயிற்று. தப்பு என்னுடையதும்தான், மேட்டை முதலில் வெட்டி வைத்துக்கொண்டுதான் ரெசினையே தொட வேண்டும். ஆனால் இந்த வெயிலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று சீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது கணக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், அதுதான் சாதாரணமாகக் கிடைப்பது. மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரே ஒரு அடுக்கு போடவே கிட்டின் ஒரு கிலோ சரியாகப் போய்விடும். கார் பாடியில் ஒரு அடுக்கு எதற்கும் ஆகாது, கதவுத் தூண் மாதிரி இடத்துக்கு நான்கு அடுக்காவது வேண்டும். கிட் படத்தில் ஒரு முழு பம்பரையே சரி செய்தது போலக் காட்டுகிறார்கள், சாமான் உள்ளங்கை அகலத்தில் நாலு ஒட்டுக்குத்தான் வரும்.

இரண்டாவது கிட்டும் முடிந்த நிலையில் வலது கதவுக் கீல் பக்கத்து விரிசல் மூன்றாவது தடவையாகத் திறந்துகொண்டது. மேலே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து வைத்திருந்தேன், கதவைப் பத்துத் தடவை சாத்தினால் அதே இடத்தில் அதே கோடு. அப்போதுதான் நண்பர் ஒருவர் காசிமேட்டில் ஃபைபர் படகு பார்க்கும் ஒரு அண்ணனை அழைத்து வந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க ஃபைபர் படகு பெருகியதில், நம் ஊரில் இந்த வேலை கைவந்தவர்கள் இருப்பது கார் பட்டறையில் அல்ல, கடற்கரையில். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து, மேலும் கீழும் ஆட்டி, கீலில் காது வைத்துக் கேட்டார். "இன்னா சார், மேலயே பூசிக்கினு கீறீங்க? உள்ள இன்னா கீதுன்னு பாத்தீங்களா? போட்டுலயும் கொக்கி வச்ச எடம்தான் மொதல்ல வுடும்" என்றார். உள் அட்டையைக் கழற்றினோம். கீல் போல்ட்டுக்குப் பின்னால் இருந்த தகடு துருப்பிடித்து ரொட்டி மாதிரி உப்பி, ஃபைபரை உள்ளிருந்தே பிளந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக நான் வெளியில் மேக்கப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு அவர் சொன்னபடி உதிரியாகச் சாமான் வாங்கினேன். இதுதான் நான் பரிந்துரைப்பது. உங்கள் ஊரில் ஃபைபர் கதவு, தொட்டி, கோயில் விழாச் சிலை, படகு, எதையாவது செய்பவரிடம் கேட்டால் ரெசின் எங்கே கிலோ கணக்கில் கிடைக்கும் என்று சொல்வார். நான் ஐந்து கிலோ ரெசின், இரண்டு கிலோ மேட், ஒரு இரும்பு ரோலர், அசிட்டோன் ஒரு லிட்டர் வாங்கினேன். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கிட் விலையில் பாதிகூட வரவில்லை.

ஆனால் ஒன்று. கிட்டில் வரும் ரெசினில் கோபால்ட், அதாவது ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம், ஏற்கெனவே கலந்திருக்கும், ஹார்ட்னர் மட்டும் விட்டால் போதும். கடையில் வாங்கும்போது பல இடங்களில் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் தனித்தனியாகத் தருவார்கள். இந்த இரண்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, குபீரென்று தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும், அப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே அளவுக் குப்பி வைத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் இரண்டையும் வேறு வேறு பையில் போட்டுக் கொடுத்து, "வண்டியில ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி வைங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அந்தக் கடைக்கு மறுபடி போகலாம். இதைச் சொல்லாமல் விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கினேன். சமையலறைத் தராசில் 100 கிராம் ரெசின், சிரிஞ்சில் 1 மில்லி ஹார்ட்னர். சென்னை வெயிலுக்கு இதுவே தாராளம், வேலை செய்ய நேரமும் கிடைத்தது. அதற்கும் குறைத்தால் என்றைக்கும் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். (தராசு இப்போது சமையலறையில் இல்லை. அம்மா அதை ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.)

கீல் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பழைய தகட்டை எடுத்துவிட்டு, விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டோம், இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். உள்பக்கத்தில் விரிசலின் இரு புறமும் விரற்கடை இரண்டு அகலத்துக்கு மேல் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்தோம், சின்னக் குழியில் ரெசினை நிரப்பினால் பிடிக்காது, அகலமான சரிவில்தான் புது ஃபைபர் பழையதோடு ஒட்டும். பிறகு மேட்டைக் கையால் கிழித்து வைத்தோம், கத்தரித்தால் விளிம்பு தடித்து நிற்கும், கிழித்தால் படிந்துபோகும். "பிரஷ்ஷ இஸ்க்காதீங்க சார், குத்துங்க" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். குத்தக் குத்த வெள்ளையாக இருந்த மேட் எண்ணெய்க் காகிதம் போல ஊடு தெரிய ஆரம்பிக்கும். எங்கே வெள்ளைப் புள்ளி தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது, ரோலரை அங்கே ஓட்ட வேண்டும். நான்கு அடுக்கு, நடுவில் புதுத் தகடு. கதவு மாட்டி எட்டு மாதம் ஆகிறது, கோடு இல்லை.

கிட்டோடு வரும் கையுறை பாதி வேலையில் கிழிந்துவிடும், அதைவிட மோசம் முகக்கவசம் என்று எதுவும் வராதது. கொரோனா காலத்து என்95 கைவசம் இருக்கிறதே என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். அது தூசிக்குத்தான், ரெசின் வாடையை நிறுத்தாது. முதல் வாரம் தினமும் தலைவலி, பிறகுதான் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கினேன், இந்த மொத்த வேலையில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான். அந்த ஆவி கனமானது, தரையோடு தங்கும், தீயும் பிடிக்கும். எங்கள் ஷெட்டை ஒட்டித்தான் மாடம். அதனால் விளக்கேற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே டப்பாவை மூடிவிட்டுக் கதவுகளைத் திறந்து வைப்பது என்று அம்மாவோடு ஒப்பந்தம். மாடி வீட்டுக்காரரோடு அப்படி எதுவும் முடியவில்லை, அவர் இன்னும் முறைக்கிறார்.

தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தனி அவஸ்தை. முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டிலும் கழுத்திலும் பவுடரை அப்பிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு மெஷினில் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கும். அனுபவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெயிண்டை எடுக்க ரிமூவர் பூசலாம் என்று பெயிண்டர் ஒருவர் சொல்லி பானெட் மூலையில் பூசினேன். தகர பாடிக்கு அது சரி. ஃபைபரில் பெயிண்டோடு சேர்த்து அதன் அடியில் இருக்கும் வழவழப்பான ரெசின் மேற்பூச்சான ஜெல்கோட்டையும் இளக்கிவிட்டது, நகத்தால் கீறினால் வழித்துக்கொண்டு வருகிறது. அந்த மூலையை மறுபடி கட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கையால் உப்புத்தாள் போடுவதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

ஆக கிட்டுக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சின்ன வேலைக்கு, ரெசின் என்றால் என்னவென்று கை பழக. உதிரிச் சாமானுக்கு நான்கு, அங்கேயும் டப்பாவில் தேதி இல்லை என்பதற்காக ஒன்று குறைத்தேன். டப்பாவைச் சாய்த்துப் பார்த்து, விளக்கெண்ணெய் போல ஒழுகினால் வாங்குங்கள், தேன் போல இழுத்தால் வேண்டாம். படகு அண்ணனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வந்தால் மூன்று கிட் காசு மிச்சம்.

வண்டி இப்போது ஓடுகிறது. பின்னால் இடது பக்க விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. ஃபைபர் பாடியில் மின்சாரம் பாயாது, ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிஸ் வரை தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும், அந்த ஒரு வயரை எலி கடித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அதுதான் வேலை.