கொடுவாவுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் ஸ்விம்பெய்ட்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

உயிர் இறாலும் மடவைக் குஞ்சும் கோத்துக் கொடுவா பிடித்துவந்த நான், சாஃப்ட் பிளாஸ்டிக் ஸ்விம்பெய்ட்டுக்கு, அதாவது வாலை ஆட்டி நீந்தும் மென்மையான செயற்கை இரைக்கு, மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகங்களிலும் வடக்கே பழவேற்காட்டிலும்தான் பெரும்பாலும் வீசியிருக்கிறேன். ஆகவே இங்கே எழுதுவது உவர்நீரில் கொடுவா தேடுபவர்களுக்கே பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த நிறம் வாங்குவது, எந்த நிறுவனம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முள்ளோடு ஈயத் தலை சேர்ந்த ஜிக் ஹெட்டின் எடையை முடிவு செய்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

காரணம் இந்த இரை இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. வால் நுனியில் உள்ள தட்டையான பகுதியில் நீர் மோதும்போது அது இடமும் வலமுமாக அடித்துக்கொள்கிறது. அந்த அதிர்வு இருந்தால்தான் கலங்கல் நீரிலும் கொடுவா இரை இருக்கும் இடத்தை அறியும். ஈயம் அதிகமானால் இரை உடனே தரையில் விழுந்து சேற்றைக் கிளறும். அதைத் தவிர்க்க ரீலை வேகமாகச் சுற்றினால், பதுங்கியிருந்து வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும் பழக்கமுடைய கொடுவா பெரும்பாலும் துரத்திவர மாட்டாது. இடுப்பளவு நீருக்கு 5 முதல் 7 கிராமும், பாலத்தூண்களை ஒட்டி ஓட்டம் இழுக்கும் ஆழமான இடங்களுக்கு 10 முதல் 14 கிராமும் எனக்குப் போதுமாக இருக்கின்றன. வால் அடிப்பது ராட் நுனியில் மெல்லத் தெரியும் வேகத்தில் சுற்றி, இடையிடையே நிறுத்தி இரையை விழவிட வேண்டும். கடி பெரும்பாலும் அந்த வீழ்ச்சியில்தான் விழுகிறது; ஆகவே தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் விழவிடுவது நல்லது.

நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்ற வற்றத்தின் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், முகத்துவாரத்தை விட்டு உள்ளே போகப்போக ஓட்டம் மங்கிவிடுகிறது. ஓட்டம் மங்கிய இடத்தில் நான் எடையைக் குறைக்கிறேனே தவிர, நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பதில்லை. தெளிந்த நீருக்கு முத்து வெள்ளை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய கலங்கலுக்கு மஞ்சள் கலந்த பச்சை; அதற்கு மேல் நிறங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை.

கோப்பதில் அவசரம் கூடாது. முள்ளை இரையின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்து, அது முதுகில் எங்கே வெளிவர வேண்டும் என்று நகத்தால் குறித்துக்கொண்டு, நடுவிலேயே நேராகச் செலுத்த வேண்டும். சற்றே வளைந்து நின்றாலும் இரை நீந்தாமல் சுழலும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். தலைப்பகுதியில் ஒரு துளி சூப்பர் குளூ விட்டால் ஒவ்வொரு வீச்சிலும் இரை கீழே நழுவாது. சதுப்புநிலத் தாவரங்களின் வேர்களுக்கிடையே வீசும்போது மட்டும், முனை முதுகுக்குள் மறைந்திருக்கும் எடையிட்ட அகல வளைவு முள்ளைப் பயன்படுத்துகிறேன். கொடுவாவின் செவுள் மூடிக்குக் கூரிய விளிம்பு உண்டு. தூண்களில் ஒட்டிய சிப்பி வேறு. ஆகவே 20 பவுண்டு தாங்கும் பிரெய்டுக்கு (பின்னல் நரம்பு) முன்னால் 40 பவுண்டு தாங்கும் லீடர் (இரையை ஒட்டிக் கட்டும் முன் நரம்பு) அவசியம்.

உழைப்பைப் பொறுத்தவரை, இதை நீடித்து வரும் பொருளாக எண்ணி வாங்கக் கூடாது. கொடுவா அதிகம் சேதப்படுத்துவதில்லை. பேத்தை மீன்தான் இதன் உண்மையான எதிரி. கழியில் பேத்தைக் கூட்டம் இருக்கும் நாளில் சிறு சிறு தட்டல்கள் தெரியும், சுற்றி எடுத்துப் பார்த்தால் வால் மட்டும் அரைவட்டமாக வெட்டப்பட்டிருக்கும். இடத்தை மாற்றாவிட்டால் ஒரு பாக்கெட் ஒரு காலைக்கே காணாது. மிகவும் மென்மையான இரைகள் குறைந்த வேகத்திலும் அழகாக நீந்துகின்றன, ஆனால் சீக்கிரம் கிழிகின்றன. எனவே 4 அங்குல அளவில் சற்றுக் கெட்டியானவற்றை வாங்குவதே எனக்குக் கட்டுப்படியாகிறது. கிழிந்த துண்டுகள் நீரில் மக்காது. அவற்றுக்கென ஒரு டப்பாவைப் பையில் வைத்திருக்கிறேன்.

சேமிப்பில் கவனம் தேவை. இவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி. பிசினுடன் அதை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் சேர்த்து அச்சில் வார்க்கப்படுபவை. ஸீ-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வேறு பொருள்: நன்றாக இழுபடும், நீரில் மிதக்கும், ஆனால் பி.வி.சி. இரைகளோடு சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். வகைவாரியாக அவற்றின் சொந்த உறைகளிலேயே வைப்பது பாதுகாப்பு. வெயிலில் நின்ற வண்டிப் பெட்டிக்குள் வால் மடிந்துபோனால், வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி நேராக ஆறவிட்டால் பழைய வடிவம் திரும்பும்.

நன்னீரில் இதற்கு எல்லை உண்டு. ஆகாயத்தாமரை அடர்ந்த ஏரியில் விராலுக்கு இதை எடுத்துச் செல்வதில்லை. அங்கே இலைமேல் இழுத்துவரத் தவளை வடிவச் செயற்கை இரையான தவளை லூர்தான் சரிப்படுகிறது.