பாய்க்கடை ஆர்டருக்கு அப்பாச்சியும் சி.ஜி.ஐ.யும்: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

பத்தமடையில் சித்தப்பாவுக்குக் கோரைப்பாய்க் கடை. கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்து கொடுப்பது அங்கே வழக்கம். போனில் பேர் சொல்லும்போது ‘ல’வும் ‘ழ’வும் மாறி ஒரு பாயே வீணாகப் போனதில் மனுஷர் நொந்துவிட்டார். “ஏல, பேரும் தேதியும் அவங்களே தமிழ்ல அடிச்சு அனுப்புற மாதிரி ஒண்ணு செஞ்சு தா, அது போதும்” என்றார்.

அதற்கு ஒரு ஃபார்மும், அதில் அடிப்பதை வாங்கிக்கொள்ளும் பைத்தான் ஸ்கிரிப்டும் எழுதி, முதலில் ஒரு மலிவான ஹோஸ்டிங்கில் போட்டேன். 500 எரர், அதாவது சர்வருக்குள்ளேயே ஏதோ கோளாறு. என்ன தப்பு என்று சர்வர் எழுதிவைக்கும் லாக்கைப் பார்க்க வழியே இல்லை, கேட்டால் உங்கள் கோடில்தான் தப்பு என்று ஒரே பதில். எரர் லாக்கைக் காட்டாத இடத்தில் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் சின்னதாக ஒரு உபுண்டு சர்வர் எடுத்து, அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் சி.ஜி.ஐ. (பக்கம் கேட்கும்போது நம் ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் பதிலை அனுப்பும் முறை) மாட்யூலை இயக்கி (அது தானாக ஓடாது), ஸ்கிரிப்டை சிஜிஐ-பின் ஃபோல்டரில் வைத்து, சர்வர் அதைப் படித்து ஓட்டும்படி பர்மிஷன் 755 கொடுத்தேன். அங்கேயும் 500தான், ஆனால் இந்தத் தடவை லாக் பேசியது: அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. ஃபைல் கண்முன்னே இருக்கிறது! விண்டோஸில் அடித்ததால், எந்தப் பைத்தானை வைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, அந்தப் பேரில் இல்லாத பைத்தானை அது தேடியிருக்கிறது. வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றியதும் ஓடியது.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஸ்கிரிப்ட் அனுப்பும் பதிலின் தொடக்கத்தில், அது என்ன வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடருக்கு அடுத்து ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும், அதே ஹெடரில் யூடிஎஃப்-8 என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பேர் கண்டபடி சிதைந்து வரலாம். பைத்தானில் இருந்த சிஜிஐ மாட்யூலை 2024இல் வந்த 3.13 பதிப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள், பழைய பாடங்களை நம்பி அதில் ஆரம்பிக்காதீர்கள். ஃபார்மில் அடித்ததைப் பிரித்தெடுக்க, பைத்தானோடு வரும் யூஆர்எல்லிப்பில் உள்ள பார்ஸ்-க்யூஎஸ் போதும், என் ஸ்கிரிப்ட் மொத்தமே 60 வரிதான்.

யாராவது ஃபார்மை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்டை ஓட்ட ஒரு புதுப் பிராசஸ் கிளம்புவதால் கூட்டம் அதிகம் வரும் கடைக்கு இது சரிப்படாது. ஒரு நாளைக்கு நாலஞ்சு ஆர்டர் வரும் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. போன வாரம் யாழினி என்று ஒரு பேர் வந்தது, ‘ழ’ மாறாமல் அப்படியே தறிக்குப் போனது.